குளிர் கீழே இருந்துதான் வரும்!

(சாரணர் முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம்)



வரும் ஜனவரியில் நம் பள்ளிச் சாரணர்கள் மறுபடியும் ஏற்காட்டுக்குப் போகிறார்கள். இந்த முறை எட்டாம் வகுப்புத் தம்பிகள் நிறைய பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணா, ராத்திரி மரத்துல கட்டின தூளியிலதான் தூங்கணுமாமே, நெஜமா?" என்று தினமும் யாராவது ஒருத்தன் வந்து கேட்கிறான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல. அதனால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான். மதிய இடைவேளையில் பாதி, சாயங்காலம் மீதி என்று நின்றுகொண்டே படித்தாலும் சரி, முழுசா படிச்சிடுங்க.

ஹேமக் என்றால் என்ன?

நம்ம வீட்டுத் தூளிக்கு அண்ணன் முறை. தூளி ஒரே கொக்கியில் தொங்கும். ஹேமக் இரண்டு மரங்களுக்கு நடுவில் தொங்கும். பாராசூட் துணியில் தைத்திருப்பார்கள். சுருட்டினால் டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மலைச் சரிவில் கூடாரம் போட சமமான இடம் கிடைக்காது. கல்லும் வேரும் முதுகில் குத்தும். ஹேமக்குக்கு இரண்டு மரம் இருந்தால் போதும்.

இது புதுசு இல்லை. 1492-இல் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த மக்கள் பருத்தி நூலில் பின்னிய இப்படிப்பட்ட படுக்கையில் தூங்குவதைப் பார்த்தார். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் சொல்லில் இருந்துதான் 'ஹேமக்' என்ற பெயரே வந்தது. பிறகு ஐரோப்பிய மாலுமிகள் கப்பலில் இதையே கட்டிப் படுக்க ஆரம்பித்தார்கள். கப்பல் எந்தப் பக்கம் ஆடினாலும் ஆள் உருண்டு விழ மாட்டார் அல்லவா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாலுமிகள் ஹேமக்குக்குள் ஒரு மெல்லிய மெத்தையும் போட்டுக்கொண்டார்கள். அமேசான் காட்டு யானோமாமி மக்கள் ஹேமக்குகளை அடுப்பைச் சுற்றிக் கட்டி, பக்கத்திலேயே நெருப்பை வைத்துக்கொண்டு தூங்குவார்கள்.

மெத்தை எதற்கு, நெருப்பு எதற்கு என்று போன டிசம்பர் வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த ராத்திரி

போன டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி முகாம் போட்டோம். சில்வர் ஓக் மரங்களில் ஆறு ஹேமக்குகள் கட்டினோம். நான் அணித் தலைவன். என் அணியில் ஏழாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் இருந்தான். சின்னப் பையனாச்சே என்று என் கம்பளியையும் சேர்த்து அவனுக்கு இரண்டு கம்பளி போர்த்திவிட்டேன். மேலே ஒரு தார்ப்பாய் கட்டினோம். எல்லாம் பக்காவா செஞ்சுட்டோம்னு நினைச்சேன்.

பதினோரு மணிக்கு மழை பிடித்தது. காற்றும் சேர்ந்தது. இரண்டு மணி இருக்கும், பக்கத்தில் முனகல் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். தம்பிக்குப் பல் தந்தியடித்தது. "என்னடா?" என்றேன். "ண்ணா… குளு…" என்றான், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நாக்கு குழறியது. போர்வையைப் பிடிக்கச் சொன்னால் விரல் மடங்கவில்லை. மேலே போர்த்திய கம்பளி கிட்டத்தட்ட காய்ந்துதான் இருந்தது. ஆனால் அவன் முதுகு தொப்பல்! தார்ப்பாயில் ஒரு ஓட்டைகூட இல்லை. பிறகு தண்ணீர் எப்படி வந்தது?

சாரண ஆசிரியரை எழுப்பினேன். சார் அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டக் காவலர் தாத்தா வீட்டுக்கு ஓடினார். ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்த வேட்டியும் கம்பளியும் சுற்றி, தலையை மூடி, நல்லா முழிச்சு விழுங்க ஆரம்பிச்சதும் வெல்லம் போட்ட சூடான பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தம்பி சரியாகப் பேசினான். காலையில் டாக்டரும் பார்த்து நல்லா இருக்கான்னு சொன்னார். இருந்தாலும் எனக்கு மட்டும் மனசு ஆறவே இல்லை. நான் செய்த தப்பு என்ன?

பாட்டி சொன்ன பதில்

காலையில் காவலர் தாத்தாவின் வீட்டுப் பாட்டி எங்கள் ஹேமக்கைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் கண்ணு, கொழந்தைய தூளியில போடறப்ப அடியில என்ன போடுவாங்க?"

"பழைய சேலையை நாலா மடிச்சுப் போடுவாங்க, பாட்டி."

"மேல?"

"மேல ஒண்ணும் பெருசா போட மாட்டாங்க."

"நீங்க மேல ரெண்டு போட்டிருக்கீங்க. அடியில ஒண்ணுமே இல்ல. காத்து கீழதானே சாமி போவுது?"

அவ்வளவுதான். நான் இயற்பியல் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்ததைப் பாட்டி மூன்று வரியில் முடித்துவிட்டார்.

முதுகு ஏன் குளிர்கிறது?

தரையில் படுத்தால் நமக்குக் கீழே மண். ஹேமக்கில் படுத்தால் கீழேயும் காற்று, மேலேயும் காற்று. நம் உடம்பு 37 டிகிரி. அந்தச் சூடு மெல்லிய துணி வழியாக வெளியே வந்து அடியில் இருக்கும் காற்றைச் சூடாக்கும். ஆனால் வீசுகிற காற்று அந்தச் சூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். புதுக் குளிர்காற்று வந்து நிற்கும். ராத்திரி முழுக்க இதே கதை. இதுதான் நாம் படித்த வெப்பச்சலனம்.

"அப்போ கம்பளியை முதுகுக்கும் சேர்த்துச் சுத்திக்கலாமே?" என்று கேட்பீர்கள். பாதி பதில்தான் அது. கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்காது. அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் மாட்டிக்கொண்ட காற்றுதான் சூட்டைத் தடுத்து வைக்கிறது. நாம் அதன் மேல் படுத்தால் நம் எடையில் அது அப்பளம் மாதிரி நசுங்கிவிடும். உள்ளே இருந்த காற்று போய்விடும். காற்று போனால் கம்பளியின் பலனில் பெரும்பகுதி போச்சு! விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக்குக்கும் இதே கதிதான்.

ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அது போதாது என்று, ஈரம் ஆவியாகும்போதும் நம் உடம்புச் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். 100 டிகிரியில் 1 கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வேண்டும் என்று படித்திருக்கிறோம். உடம்புச் சூட்டில் ஆவியாக இன்னும் கொஞ்சம் அதிகம், சுமார் 580 கலோரி வேண்டும்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சேலம் சுமார் 280 மீட்டர். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கணக்குப் போடுங்கள்: 1220 மீட்டருக்கு ஏறக்குறைய 8 டிகிரி. சேலத்தில் ராத்திரி 20 டிகிரி என்றால் மேலே 12 டிகிரி. ஈர முதுகோடு, காற்றில் தொங்கிக்கொண்டு படுக்க 12 டிகிரி தாராளமாகப் போதும், ஆளைச் சாய்த்துவிடும். பனி விழும் ஊர்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள்.

முதல் பாடம்: அடியில் கட்டு

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ரொம்ப நல்லது.

1. நசுங்காத பாய்: யோகா செய்யும் ஃபோம் பாயை ஹேமக்குக்குள் போட்டுப் படுக்க வேண்டும். அதில் சின்னச் சின்ன மூடிய குமிழிகளுக்குள் காற்று அடைபட்டிருக்கும். நாம் படுத்தாலும் அவ்வளவாக நசுங்காது, தண்ணீரையும் குடிக்காது. ஹேமக் இரண்டு பக்கமும் மேலே மடிந்து தோளைத் தொடும். அதனால் தோளுக்கும் பாய் எட்ட வேண்டும். ஒரு துண்டுப் பாயைக் குறுக்காகவும் போடுங்கள். பாய் ராத்திரி நழுவும். பழைய போர்வையை உறை மாதிரி தைத்து அதற்குள் வைத்தால் நழுவாது.

2. வெளியே ஒரு கம்பளி: கம்பளியை ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிட வேண்டும். இரண்டு ஓரத்தையும் மடித்துத் தைத்துக் கயிறு கோத்து, ஹேமக் கட்டிய அதே இடத்தில் கட்டலாம். அது முதுகைச் சும்மா தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் நசுங்கும். தொளதொளவென்று விட்டால் நடுவில் காற்று புகுந்துவிடும். நாம் அதன் மேல் படுக்காததால் அதன் காற்று அப்படியே இருக்கும். வெளிநாடுகளில் இதற்கென்றே மெத்தை தைத்து விற்கிறார்கள். நமக்குக் கம்பளி போதும்.

மேலே போர்த்துவதற்கு அப்புறம்தான் இடம்.

இரண்டாம் பாடம்: மேலே கட்டு

ஹேமக்கின் நீளம் சுமார் 3 மீட்டர். தார்ப்பாய் இரண்டு நுனியிலும் அதைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். 3 மீட்டர் சதுரத் தார்ப்பாய் இருந்தால் மூலைக்கு மூலை கயிற்றின் மேல் போடுங்கள். பிதாகரஸ் தேற்றம் ஞாபகம் இருக்கா? மூலைவிட்டம் 4.24 மீட்டர். ஒவ்வொரு நுனியிலும் 60 சென்டிமீட்டர் மிச்சம்! ஆனால் இதில் தலைப்பக்கமும் கால்பக்கமும் கூம்பாகக் குறுகிவிடும். காற்றோடு மழை வந்தால் சாரல் அடிக்கும். அதனால் டிசம்பர், ஜனவரிக்கு 3-க்கு 4 மீட்டர் செவ்வகத் தார்ப்பாய்தான் நல்லது.

காற்று வரும் பக்கத்தை நல்லா தாழ்த்திக் கட்டுங்கள். ஆனால் எல்லாப் பக்கமும் மூடிவிடாதீர்கள். பிளாஸ்டிக் ஷீட்டை உடம்போடு சுற்றிக்கொள்ளவே கூடாது. நாம் விடும் மூச்சும் வியர்வையும் உள்ளேயே குளிர்ந்து நீராகி நம்மை நனைத்துவிடும். மழையே இல்லாமல் நனைவோம்! இன்னொன்று: தார்ப்பாய்க்கு அடியில் ஸ்டவ், கரி நெருப்பு எதுவும் கூடவே கூடாது. பாராசூட் துணி சட்டென்று பற்றும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். நாம் யானோமாமி மக்களைப் போல நெருப்போடு வாழ்ந்து பழகினவங்க இல்லை.

மூன்றாம் பாடம்: சொட்டு நூல்

இப்போது அந்த மர்மத்துக்கு வருவோம். தார்ப்பாயில் ஓட்டை இல்லை, ஆனால் தம்பியின் முதுகு நனைந்தது எப்படி?

மழை நீர் மரத்தில் வழிந்து, ஹேமக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வந்திருக்கிறது! தண்ணீருக்கு ஒட்டும் குணம் உண்டு. சரிவான கயிற்றின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ரயில் மாதிரி போகும்.

கயிறு சரிவாக இல்லாமல் இழுத்துக் கட்டினால் என்ன? அது அதைவிடத் தப்பு. கயிறு கிடைமட்டத்தோடு 30 டிகிரி சாய்ந்திருந்தால், 50 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு கயிறும் தாங்கும் இழுவிசை 50 கிலோ எடை. அதையே 10 டிகிரிக்கு விறைப்பாகக் கட்டினால் இழுவிசை சுமார் 144 கிலோ எடை! கயிறு அறுந்தால் இடுப்பு போச்சு. (11-ஆம் வகுப்பு நண்பர்கள் சைன் அட்டவணையை வைத்துச் சரிபார்க்கலாம்.) ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் 30-60 மூலை மட்டத்தைக் கயிற்றோடு வைத்துப் பார்த்தாலே கோணம் தெரிந்துவிடும்.

ஆக, சரிவு வேண்டும், தண்ணீர் வரக்கூடாது. அதற்குத்தான் சொட்டு நூல். ஒரு சாண் நீளத்தில் பருத்தி நூலையோ பழைய ஷூ லேஸையோ எடுத்து, ஹேமக்குக்குச் சற்று முன்னால், தார்ப்பாயின் நிழலுக்குள் வருகிற இடத்தில், கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டி நுனியைத் தொங்கவிடுங்கள். கயிற்றில் வரும் தண்ணீர் நூலைத் தொட்டதும் திரும்பி, நூல் வழியாகக் கீழே சொட்டிவிடும். இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். அகலமான நாடாவாக இருந்தால் அதுவே தண்ணீரை உறிஞ்சும். அதனால் நாடாவுக்கும் ஹேமக்குக்கும் நடுவில் ஒரு இரும்புக் கொக்கி இருப்பது இன்னும் நல்லது.

இந்த நூல் எங்களிடம் அன்று இல்லை. ஒரு ரூபாய்கூடப் பெறாத நூல்!

படுக்கும் முன் பார்க்க வேண்டியவை

* மரம் உயிரோடு இருக்கிறதா? மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா? பார்த்துவிட்டுக் கட்டுங்கள். தனியாக நிற்கும் உயரமான மரம் வேண்டாம், இடி விழலாம். மின்னல் ஆரம்பித்தால் ஹேமக்கை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.
* மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். ஸ்கூல் பேக் பட்டை மாதிரி அகலமான நாடாவை மரத்தில் சுற்றுங்கள். மிளகுக்கொடி ஏறிய மரத்தைத் தொடாதீர்கள், அது ஒருத்தரின் பிழைப்பு.
* உட்கார்ந்தால் நாற்காலி உயரம் இருந்தால் போதும். உயரமாகக் கட்டுவது வீரம் இல்லை.
* தூங்குவதற்கென்று ஒரு செட் துணியும் சாக்ஸும் பாலித்தீன் பையில் கட்டித் தனியா வையுங்க. பகலில் என்ன ஆனாலும் அதைத் தொடக்கூடாது.
* வயிறு காலியாகப் படுக்காதீர்கள். ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படுங்க (சிரிக்காதீங்க, நடுராத்திரி மழையில் எழுந்து போனால் தெரியும்). காதையும் தலையையும் மூடுங்கள்.
* நேராகப் படுக்காமல் கொஞ்சம் மூலைவாட்டாகப் படுத்தால் முதுகு சமமாக இருக்கும்.

இதைப் பார்த்தால் உடனே ஆசிரியரை எழுப்பு!

உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது நோய். முதலில் நடுக்கம். பிறகு விரல் மடங்காது, பேச்சு குழறும், தூக்கம் தூக்கமாக வரும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் "சரியாயிடுச்சு" என்று அர்த்தம் இல்லை, நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த துணி சுற்றி, அடியிலும் மேலேயும் மூட வேண்டும். தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கை காலைத் தேய்க்கக் கூடாது, நெருப்புக்கு நேராக வைக்கக் கூடாது. தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இதில் முக்கியமான ஒன்று. தம்பிகளே, குளிருதுன்னு சொல்ல வெட்கப்படாதீங்க. எங்க தம்பி மூன்று மணி நேரமா நடுங்கிக்கிட்டே இருந்திருக்கான். "அண்ணா திட்டுவாரோன்னு சும்மா இருந்தேன்" என்று காலையில் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அணித் தலைவர்களே, நீங்களும் ராத்திரி ஒரு தடவை எழுந்து ஒவ்வொருத்தன் முதுகுக்கு அடியிலும் கை வைத்துப் பாருங்கள். போர்வையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். நான் செய்த தப்பு அதுதான்.

செய்து பார்!

ஒரே அளவு எவர்சில்வர் டப்பா இரண்டில் ஒரே சூட்டில் வெந்நீர் ஊற்றி மூடுங்கள் (பெரியவர் துணையோடு). இரண்டையும் ஒரே மாதிரி கம்பளித் துணியால் சுற்றுங்கள். ஒன்றைத் தளர்வாக விடுங்கள். மற்றொன்றைக் கயிறு போட்டு நசுங்க இறுக்கிக் கட்டுங்கள். அரை மணி கழித்து ஆய்வகத் தெர்மாமீட்டரில் பாருங்கள். எது சீக்கிரம் ஆறியது? ஏன்? விடையை எழுதி இந்தச் சுவரிதழுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடுங்கள்.

இரண்டாம் ராத்திரி

மறுநாள் சாரிடம், "சார், இனி ஹேமக் வேண்டாம்" என்றேன். சார், "பாடம் பாதியில நிக்கக் கூடாதுடா, இன்னிக்கு நான் படுத்துப் பாக்கறேன்" என்றார். பாட்டி ஒரு கம்பளி கொடுத்தார். அதை அடியில் கட்டினோம். சாரின் உடற்பயிற்சிப் பாயை உள்ளே போட்டோம். என் ஷூ லேஸ் இரண்டையும் சொட்டு நூலாகக் கட்டினேன். தம்பிகள் எல்லாரும் தாத்தா வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள். அன்றைக்கும் மழை. விடியற்காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். லேஸ் நுனியில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக அடியில் கை விட்டுப் பார்த்தேன். கம்பளி காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த ஏழாம் வகுப்புத் தம்பி இப்போது எட்டாம் வகுப்பு. ஜனவரி முகாமுக்கு முதலில் பெயர் கொடுத்தவனே அவன்தான். பையில் என்ன வைத்திருக்கிறான் தெரியுமா? இரண்டு பழைய ஷூ லேஸ்!



— அணித் தலைவன், சாரணர் படை,
11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு